அண்ணன் எங்கே போனான்?

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 வயது முடிகிறது. வீரவநல்லூர் வீட்டுக்குச் சொந்தபந்தம், நண்பர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன். அன்று போடுவதற்குக் குடும்பம், நட்பு பற்றிய சினிமாப் பாட்டு பத்து சொல்லுங்கள். அந்தக் காலப் பாட்டில் இருந்த பாசத்தை இன்றைய சீரியல்கள் அழித்துவிட்டன. அம்மாவே சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள். பெண்கள் இதைப் பார்த்தே கெட்டுப்போகிறார்கள். என் மனைவிக்கும் தங்கைக்கும் ஒத்துவரவில்லை. பூர்வீக வீட்டுப் பேச்சு வந்ததிலிருந்து, மனைவியிடம் கொடுத்து அனுப்பிய பொங்கல்படியைக்கூடத் தங்கை வாங்கவில்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

பட்டியல் இருக்கட்டும். கொஞ்ச நாளாக நல்லதங்காள் கதையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சரியாக வந்து மாட்டினீர்கள்.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் அந்தக் கதையை எடுத்தால் பெண்கள் பக்கம் முந்தானை நனையும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். மைனி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, மூளி அலங்காரி ஓட்டைப் பானையையும், அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையையும் எடுத்துப் போடுகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டு இவளும் விழுகிறாள். கூட்டமே மூளி அலங்காரியை ஏசும். எங்கள் ஆச்சி மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு, “ஏட்டி, அண்ணங்காரன் எங்க போனாம்?” என்பாள்.

வேட்டைக்குப் போயிருந்தான். கதையைப் பல மாதிரி பாடுவார்கள். நான் கேட்டதில், பசியோடு வந்த தங்கையை நல்லதம்பி வழியிலேயே பார்க்கிறான், வீட்டுக்குப் போகச் சொல்கிறான், தன் வேட்டையைப் பார்க்கப் போய்விடுகிறான். “சட்டில சோறு கெடக்கான்னு பாத்துட்டுல்லா போயிருக்கணும்” என்பது ஆச்சியின் தீர்ப்பு. திரும்பி வந்து பெண்டாட்டியைக் கொன்று பழி தீர்த்தான். நல்ல அண்ணன் என்ற பெயர் இன்றுவரை அவனுக்குத்தான்.

அந்தக் காலப் பாட்டு என்று நீங்கள் உருகுவது எதற்கென்று தெரியும். பாசமலர், 1961. கண்ணதாசன் எழுதி விசுவநாதன் ராமமூர்த்தி இசையமைத்த அந்தத் தாலாட்டைக் கேட்டால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தப் படத்திலும் குடும்பத்தைப் பிரிக்க ஒரு அத்தைக்காரி வரவேண்டியிருந்ததே, கவனித்தீர்களா? மாமன் தங்கக் கடிகாரம் தருவான், வைரம் தருவான் என்று பாட்டில் வருகிறது. வீட்டில் பங்கு தருவான் என்று எந்தப் பாட்டில் வருகிறது?

சீரியல் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிற நாத்தனாரும் மாமியாரும் மூளி அலங்காரியின் பேத்திகள்தான். அண்ணன்மார் ஆபீசுக்குப் போயிருப்பார்கள். ராத்திரி வந்து, “இங்க என்ன நடக்குது?” என்று கத்துவார்கள். பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். 2002இல் மெட்டி ஒலி வந்தபோது, ஐந்து பெண்களைப் பெற்ற அந்தத் தகப்பன் படுகிற பாட்டைப் பார்த்து எங்கள் தெருவில் ஆம்பிளைகளும் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்குத்தான் அந்த மூன்றரை மணி நேரம் பேச்சுத்துணைக்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

மனைவிக்கும் தங்கைக்கும் ஒத்துவரவில்லை என்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் நீங்கள் எங்கே தம்பி? வீடு உங்கள் மனைவி வீட்டுப் பூர்வீகமா? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தாயிற்று, 2005இல் நாடு முழுக்க வந்தது. இல்லை என்று தங்கையிடம் சொல்ல வேண்டியிருந்தாலும் நீங்கள்தான் நேரில் போய்ச் சொல்லவேண்டும். பொங்கல்படியை மனைவி கையில் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்கள் எந்த வேட்டைக்குப் போனீர்கள்? நாளைக்கு ஊரில் யார் பெயர் கெடும், யோசித்தீர்களா? தங்கையைப் பற்றி எழுதாமலே விட்டிருக்கலாம். மனசு கேட்காமல்தானே எழுதினீர்கள், அந்த உரிமையில்தான் ஏசுகிறேன்.

நட்புப் பாட்டுக்கு என்னிடம் வரவேண்டாம். உயிரைக் கொடுப்பேன் என்று பாடுகிறவன் ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டான். உங்கள் நண்பர்கள் சாப்பிட்டு முடித்ததும் அவர்களே எதையாவது பாடிக்கொள்வார்கள்.

விசேஷத்துக்குத் தங்கையை நீங்களே போய் அழையுங்கள். மைனியை அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் பத்திரிகை போடாதீர்கள். அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதையும் தங்கையிடமே கேட்டுக்கொள்ளலாம். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
அக்கா