அயோவா வரி ஏலம்: பணம் கட்டியும் பத்திரம் வரவில்லை என்றால்

அந்த வீடு இன்னும் உங்களுடையது ஆகவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜூன் மாத வரி ஏலத்தில் முழுப் பணமும் கட்டியாயிற்று, கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) ஏன் பத்திரம் தரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது அந்த வீட்டின் சொத்து வரிப் பாக்கிக்கான சான்றிதழ் மட்டும்தான். தயவுசெய்து பூட்டை மாற்றப் போகாதீர்கள். உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

‘ஏலம்’ என்ற சொல்தான் உங்களைக் குழப்பியிருக்கும். ஜூன் மூன்றாம் திங்கட்கிழமை அங்கே ஏலம் போவது பாக்கியை வசூலிக்கும் உரிமை. நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. பள்ளிக்கும் சாலைக்கும் பட்ஜெட்டில் எழுதிவைத்த வரி வந்து சேர வேண்டுமே, சின்ன ஊர்களில் சில வீடுகள் பாக்கி வைத்தாலே இடிக்கும். உரிமையாளர் பாக்கியைத் தீர்த்தால் மாதம் 2% வட்டியோடு உங்கள் பணம் திரும்பிவிடும்.

சான்றிதழில் சதவீதத்தைப் பாருங்கள். அது வீட்டில் உங்களுக்கு வரக்கூடிய பங்கு. போட்டியில் அந்தப் பங்கை 100%-இலிருந்து 1% வரை குறைத்துக் கேட்டிருந்தால், பின்னால் பத்திரம் வந்தாலும் உங்கள் பங்கு 1% தான்.

வழக்கமான ஏலமென்றால் 1 ஆண்டு 9 மாதம் கழித்து ‘90 நாளுக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் பத்திரம் கேட்பேன்’ என்று உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். சரி, அதுவரை சும்மா இருக்கலாம். அப்புறம் மறந்துவிடாதீர்கள்: 3 ஆண்டுக்குள் நோட்டீஸ் வேலையை முடிக்காவிட்டால் சான்றிதழே ரத்தாகிவிடும். அதை மட்டும் உள்ளூர் வக்கீலிடம் ஒப்படையுங்கள்.