உருண்டைக் காளானை நறுக்கி விற்றால் வாங்காதீர்கள்

கேள்வி: வெள்ளை உருண்டையாக, மேலே பொடிப்பொடி முட்களோடு முளைக்கும் பஃப்பால் காளானை ஒருவர் தோல் சீவி, நறுக்கி விற்கிறார். "உள்ளே வெள்ளையாக இருக்கிறது, பூண்டு போட்டும் பார்த்துவிட்டேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் முட்களை வைத்துப் பார்த்தால் அது லைக்கோபெர்டான் பெர்லாட்டமாக இருக்கலாம். இளசாக, உள்ளே முழுக்க வெள்ளையாக இருக்கும்போது சமைத்துச் சாப்பிடத் தகுந்த இனம்தான். மஞ்சள் தட்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆனால் அந்த முட்களும், அவை உதிர்ந்த இடத்தில் தெரியும் வலைபோன்ற தழும்பும் தோலில்தான் இருக்கின்றன. தோலைச் சீவியதும் அந்த அடையாளம் போய்விட்டது. மீதி அடையாளம் நறுக்கியதில் போய்விட்டது. கொடிய விஷமுள்ள அமானிட்டா வகைகளும் மொட்டாக இருக்கும்போது வெள்ளை உருண்டைதான். முழுக் காளானை உச்சியிலிருந்து அடிவரை நடுவாக வெட்டினால், அமானிட்டாவாக இருந்தால் உள்ளே குடை, தண்டு, மடிப்புகளின் வடிவம் கோடாகத் தெரியும். துண்டுகளில் அதை எங்கே தேடுவது?

விஷமிருந்தால் பூண்டும் வெள்ளிக் கரண்டியும் கறுக்கும், புழு அரித்த காளான் நல்லது என்பதெல்லாம் வெறும் கதை. தயவுசெய்து நம்பாதீர்கள். அமானிட்டா விஷம் கொதிக்க வைத்தாலும் அழியாது. வாந்தி, பேதி தொடங்கவே பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் ஆகும். நடுவில் குணமானது போலத் தோன்றும். ஈரல் அப்போதும் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சக் காளானோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

'உள்ளே வெள்ளை' என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஸ்க்ளீரோடெர்மா என்ற நச்சுக் காளானும் மிக இளசில் உள்ளே வெள்ளையாக இருக்கும். அப்புறம்தான் நடுவிலிருந்து ஊதாக் கருப்பாக மாறும். அந்த நிறம் வருவதற்கு முன் கண்டுபிடிக்க இரண்டு வழிதான்: அழுத்தினால் கெட்டியாக இருக்கும், வெட்டினால் தோல் தடிமனாகத் தெரியும். சீவிய காளானில் தோலும் இல்லை!

'காட்டுக் காளான்' என்று மட்டும் அச்சிட்ட பொட்டலங்களை எப்படித்தான் விற்க விடுகிறார்களோ! இனத்தின் பெயரும் பறித்த இடமும் கட்டாயம் வேண்டும். பஃப்பால் காளான் மண்ணிலுள்ள கன உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும். சாலையோரத்தில் பறித்ததா என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வாங்குவதானால் முழுசாக, தோலோடு, இனம் தெரிந்தவரிடம் வாங்கி, ஒவ்வொன்றையும் நீங்களே நடுவாக வெட்டிப் பாருங்கள்.