பல லேயர்கள் உள்ள படத்தில் ஒரு பகுதியை மட்டும் அளவு மாற்றுவது எப்படி?

ஜிம்ப் மென்பொருளில் பல லேயர்களாக, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனித் தாள்கள் போல, அமைத்த ஒரு படத்தில் ஓர் உருவத்தை மட்டும் சிறிதாக்க முயன்றதாகவும், ஒரு முறை படம் முழுவதும் சுருங்கிவிட்டதாகவும், இன்னொரு முறை தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி ஓடும் தேர்வுக் கோடு மட்டும் சுருங்கி உருவம் அப்படியே நின்றதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் தமிழும் தெலுங்கும் கலந்த பேனர்களும் அழைப்பிதழ்களும் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த இரண்டு தொல்லைகளும் என்னிடம் வேலை கற்க வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே வருபவை.

‘அளவு மாற்று’ என்ற ஒரே பேச்சுக்கு ஜிம்பில் நான்கு வெவ்வேறு இடங்கள் இருப்பதுதான் காரணம். இமேஜ் மெனுவில் உள்ள ‘ஸ்கேல் இமேஜ்’ எல்லா லேயர்களையும் சேர்த்துச் சுருக்கும். உங்கள் முதல் தொல்லை அங்கிருந்து வந்தது. அதே மெனுவில் உள்ள ‘கேன்வாஸ் சைஸ்’, நீங்கள் வேறு எதையும் மாற்றாத வரையில், படத்தைத் தொடாமல் தாளை மட்டும் வெட்டவோ நீட்டவோ செய்யும். லேயர் மெனுவில் உள்ள ‘ஸ்கேல் லேயர்’ தேர்ந்தெடுத்த லேயர் முழுவதையும் மாற்றும். நான்காவது, கருவிப் பெட்டியில் உள்ள ஸ்கேல் கருவி. ஷிஃப்டுடன் எஸ் அழுத்தினால் அது வரும். அந்தக் கருவியின் அமைப்புகளில் மேலே ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற சொல்லுக்கு அருகில் சிறு படக்குறிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் முதலாவது லேயருக்கு, அடுத்தது தேர்வுக் கோட்டுக்கு. எப்போதோ தவறுதலாக இரண்டாவதைத் தொட்டிருந்தால் கருவி அதை நினைவில் வைத்துக்கொண்டு கோட்டை மட்டும் சுருக்கிக்கொண்டே இருக்கும். முதல் குறியைச் சொடுக்கினால் இரண்டாவது தொல்லை தீர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கும் குழுவினர் எங்களிடம் பேனர் கேட்டு வருவார்கள். பின்னால் நகரி மலை ஒரு லேயர், முருகன் படம் ஒரு லேயர், குழுவினர் வரிசையாக நிற்கும் புகைப்படம் ஒரு லேயர், தமிழ் வரியும் தெலுங்கு வரியும் தனித்தனி லேயர்கள். பார்க்க வருகிற பெரியவர் எப்போதும், “தம்பி, சாமியைப் பெரிசா வை, எங்க தலையெல்லாம் சின்னதா இருந்தாப் போதும்” என்பார். சாமி தனி லேயரில் இருப்பதால் அது எளிது. புகைப்படத்தில் ஓரமாக நிற்கும் ஒருவரை மட்டும் சிறிதாக்க வேண்டும் என்றால்தான் உங்களுடைய நிலை வருகிறது.

அப்போது நேரடியாக ஸ்கேல் கருவியை எடுக்காமல், முதலில் அந்த உருவத்தைத் தனி லேயராகப் பிரித்துக்கொள்ளுங்கள். லேயர் பட்டியலில் புகைப்பட லேயரைச் சொடுக்கி, ஃப்ரீ செலக்ட் கருவியால் உருவத்தைச் சுற்றி வரைந்து, கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வெட்டி, ‘பேஸ்ட் இன் பிளேஸ்’ மூலம் அதே இடத்தில் ஒட்டுங்கள். ஜிம்ப் 2.10 பதிப்பில் ஒட்டியது இன்னும் எந்த லேயரிலும் சேராத மிதக்கும் தேர்வாக நிற்கும். பட்டியலின் கீழே உள்ள புதிய லேயர் பொத்தானை அழுத்தினால்தான் அது தனி லேயராகும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஒட்டியதே புதிய லேயராகிவிடுகிறது. பிறகு செலக்ட் மெனுவில் ‘நன்’ கொடுத்துப் பழைய தேர்வைக் கலைத்துவிட்டு ஸ்கேல் கருவியை எடுங்கள். அகலமும் உயரமும் சேர்ந்தே மாறும்படி சங்கிலிக் குறியால் பிணைந்திருக்கட்டும். நிற்கும் மனிதராக இருந்தால் மேல் மூலையைப் பிடித்து இழுங்கள், கால்கள் தரையை விட்டு எழும்பாது.

பெரிதாக்கும்போது வெட்டிய இடத்தைப் புதிய உருவமே மறைத்துவிடும், ஆனால் சிறிதாக்கும்போது அதைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். அதைக் குளோன் கருவியால் பக்கத்துச் சுவரையோ வானத்தையோ எடுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்த வேலையில் நேரம் பிடிப்பது அளவு மாற்றுவது அல்ல, இந்தப் பள்ளத்தை மூடுவதுதான். லேயரில் ஆல்ஃபா சேனல், அதாவது வெற்றிடம் ஊடுருவித் தெரிய வைக்கும் வசதி, இல்லாவிட்டால் பள்ளம் பின்னணி நிறத்தில் கட்டியாக நிற்கும். வெட்டுவதற்கு முன்பே லேயர் மெனுவில் அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

வேறு லேயர்களும் உடன் சுருங்கினால், 2.10 பதிப்பில் கண் குறிக்குப் பக்கத்தில் உள்ள சங்கிலிக் குறியையும், 3.0 பதிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட லேயர்கள் தேர்வாகி இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: ஜிம்பில் இப்படிச் செய்த அளவு மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பக்கத்துக்கு 800 பிக்சல் உள்ள சதுரத்தை 200 பிக்சலாகச் சுருக்கினால், 6,40,000 பிக்சல்களில் 40,000 மட்டுமே மிஞ்சுகின்றன. மறுபடி 800 ஆக்கும்போது மென்பொருள் மற்றவற்றை அக்கம்பக்கத்து நிறங்களிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறது. போன விவரம் திரும்பி வருவதில்லை. ஒரு திருமணப் பேனரில் தெலுங்கு வரியை மூன்று முறை சிறிதும் பெரிதுமாக இழுத்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். தமிழ் வரி கூர்மையாக இருக்க, தெலுங்கு எழுத்துகளின் கீழே வரும் ஒத்துகள் என்ற சிறு இணையெழுத்துகள் எல்லாம் கசங்கிப் போயிருந்தன. பெண் வீட்டார் தெலுங்குக்காரர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. எழுத்தாக இருந்தால் ஸ்கேல் கருவியைத் தொடாமல், டெக்ஸ்ட் கருவியில் எழுத்தளவு எண்ணையே மாற்றுங்கள். படமாக இருந்தால் முதலில் லேயரை நகலெடுத்து, மூலத்தின் கண் குறியை அணைத்து வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். அளவு பிடிக்கவில்லை என்றால் நகலை அழித்து மூலத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

ஃபோட்டோஷாப்பில் இதே வேலைக்கு, தேர்வு செய்தபின் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஜே மூன்றும் சேர்த்து அழுத்தினால் பகுதி வெட்டப்பட்டுத் தனி லேயராகும். கண்ட்ரோல் டி அளவு மாற்றும். அதற்கு முன் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டால் மூலப் பிக்சல்கள் உள்ளேயே பத்திரமாக இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 2005இல் வந்த சிஎஸ்2 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

கோப்பை, லேயர்களை அப்படியே வைத்திருக்கும் ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் ஒரு பிரதி சேமித்துவிட்டுப் பிறகு ஜேபெக் எடுங்கள். ஜேபெக்கில் லேயர்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். அது மட்டுமே கையில் இருந்து, மறுநாள் பெரியவர் வந்து இன்னும் கொஞ்சம் சிறிதாக்கச் சொன்னால், அந்த உருவத்தை மறுபடி வெட்டியெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.