குளிருக்குப் போட்ட விதியும் புழுங்கிய வீடும்: டொராண்டோ செல்லும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆவணியில் அம்பாசமுத்திரத்திலிருந்து டொராண்டோவுக்குப் புறப்படும் நீங்கள், அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று பழைய அடுக்ககத்தில் ‘ஹீட் உட்பட’ வாடகை. மற்றொன்று ஒருவர் வீட்டின் பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழுள்ள தளம், மாதம் 150 டாலர் குறைவு, ஆனால் ஹைட்ரோ தனி. “எப்படியும் வீட்டுக்காரர் 21 டிகிரி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே அண்ணாச்சி, அப்படியானால் மலிவானதை எடுத்துவிடலாமா? கம்பளி எத்தனை கொண்டு வர வேண்டும்?” என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்குக் கல்லிடைக்குறிச்சி வந்திருக்கிறேன். ஆனிச் சாரலில் திண்ணை நனைவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். முதலில் ஒரு சொல்: ஹைட்ரோ என்றால் அங்கே மின்சாரம். தண்ணீர்க் கட்டணம் என்று நினைத்து முதல் மாதம் நான் ஏமாந்தேன்.

அந்த விதி நல்ல விதிதான். அக்டோபர் 1 முதல் மே 15 வரை வாடகை வீட்டுக்குள் வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது டொராண்டோ மாநகராட்சி. நம் ஊர்க்காரருக்கு 21 என்பது மார்கழி விடியலின் குளிர் என்றாலும், வெளியே பூச்சியத்துக்குக் கீழ் இருபது இருக்கையில் உயிரைக் காப்பது அதுதான். ஆனால் அது கீழ் எல்லையை மட்டும் பேசும் விதி. அதையும் தேதி வைத்துப் பேசும் விதி. சிக்கல்கள் அங்கிருந்துதான் முளைத்தன.

2017இல் அந்தத் தேதி செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை என்றிருந்தது. அப்போது நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில், கோடையில் குளிர்நீரும் குளிர்காலத்தில் வெந்நீரும் ஒரே சோடிக் குழாய்களில்தான் ஓடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது சுவிட்சைத் தட்டும் வேலை அன்று. குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தி, பாய்லர் என்ற கொதிகலனை ஏற்றி, குழாய்நீர் முழுவதும் மாறுவதற்குச் சில நாள்கள் ஆகும், திருப்பி மாற்றுவதற்கும் அப்படியே. தேதி வந்ததும் மேற்பார்வையாளர் மாற்றிவிட்டார். அந்தச் செப்டம்பரின் பிற்பாதியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சில நாள்கள் அடித்தது. பேரனைப் பார்க்க வந்திருந்த என் அம்மா, நனைத்துப் பிழிந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, “ஏல, அக்கினி நட்சத்திரம் என் பின்னாலயே பிளேன் ஏறி வந்துட்டா?” என்று கேட்டார். இத்தனைக்கும் பாய்லரை ஓட்டு என்று விதி சொல்லவே இல்லை. உள்ளே 21க்குக் குறையாதே என்று மட்டும்தான் சொன்னது. வெளியே 30 இருக்கும்போது உள்ளே எப்படிக் குறையும்? ஆனால் திடீரென்று ஓர் இரவு குளிர்ந்துவிட்டால் தண்டம் கட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் பல கட்டடங்கள் நாட்காட்டியைப் பார்த்தே நடந்தன. மாநகராட்சி பிற்பாடு தேதிகளை இப்போதுள்ளபடி சுருக்கியது. டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்தின் விதியோ இன்னும் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை 20 டிகிரி என்றே இருக்கிறது.

பழைய அடுக்ககங்களில் இன்னொரு வேடிக்கையைக் காண்பீர்கள். ஜனவரியில், பனி கொட்டும் நாளில், சன்னல்கள் திறந்து கிடக்கும். வடக்குப் பார்த்த மூலை வீடும் 21ஐத் தொட வேண்டும் என்பதற்காகப் பாய்லரைக் கூட்டி வைப்பார்கள். அதனால் நடுவில் அடைந்து கிடக்கும் வீடுகள் 27, 28 வரை வேகும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வு துருப்பிடித்துத் திரும்பாது. கட்டணம் வாடகைக்குள் அடங்கிவிட்டதால் குடியிருப்பவர் யாரும் கவலைப்படுவதில்லை. எண்ணெயும் எரிவாயுவும் இப்படிச் சன்னல் வழியே போவதை நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும். சூடேறிய காற்று வறண்டு மூக்கில் இரத்தம் கசிகிறதே என்று என் மனைவி இட்லிக் கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தபடியே இருந்தாள். அந்த ஆவி சன்னல் கண்ணாடியில் வேர்த்து வடிந்து, ஒரே மாதத்தில் திரைச்சீலையின் பின்புறம் கரும்பூஞ்சணம் பூத்தது.

இனி பேஸ்மென்ட். ‘எப்படியும் 21’ என்ற உங்கள் கணக்கு அங்கேதான் இடறுகிறது. மாகாண விதிப்படி, வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் குடியிருப்பவராலேயே முடியும், கருவிக்கும் 20 டிகிரி வரை ஏற்றும் திறன் உண்டு என்றால், வீட்டுக்காரர் அந்த அளவைத் தாமே காத்துத் தர வேண்டியதில்லை. ஆகவே சுவரடியில் மின்சார பேஸ்போர்டு ஹீட்டரைப் பொருத்தி, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டையும் மின்கட்டண ரசீதையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டால் பாரம் உங்களுடையது. யாரும் குளிரில் கிடக்கக் கூடாது என்று எழுதிய விதிக்குள்ளேயே, ரசீதுக்கு அஞ்சி 16 டிகிரியில் குல்லாயோடு உறங்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளக்கும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள்: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. பேஸ்மென்டில் பாயோ மெத்தையோ கிடப்பது தரையில், அதுவும் பெரும்பாலும் சுவரை ஒட்டி. சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளரோடு பகிர வேண்டிய இடமென்றால் ஒன்டாரியோவின் குடியிருப்புச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. முதலில் அதைக் கேளுங்கள்.

என் யோசனை, அடுக்ககத்தை எடுப்பதுதான். 150 டாலர் மிச்சம் என்பது ஜனவரி, பிப்ரவரி ரசீதுகளில் கரைந்துவிடக் கூடியது. பேஸ்மென்டில்தான் மனம் நிற்கிறது என்றால், கடந்த குளிர்காலத்து ஹைட்ரோ ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். அடுக்ககத்துக்கு முதல் மாத, கடைசி மாத வாடகையைக் கொடுக்கும் முன், அங்கிருக்கும் நண்பரை அனுப்பி ரேடியேட்டர் வால்வு திரும்புகிறதா, சன்னல் திறக்கிறதா என்று கையால் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் நாளில் உண்மையாகவே 21க்குக் கீழே போனால் 311 என்ற எண்ணில் மாநகராட்சியிடம் முறையிடலாம். கம்பளி இரண்டு போதும். உங்கள் அம்மா மூன்றாவதைத் திணிப்பார். அதை எடுத்துவிட்டு அந்த எடைக்கு நான்கு பருத்திப் பனியனும் இரண்டு சாரமும் (லுங்கி) வைத்துக்கொள்ளுங்கள்.