ஊரே மைதானத்துக்குப் போகிற சனிக்கிழமை

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கோவையில் ஒரு மகளிர் கல்லூரியில் 31 வருஷம் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அக்கா, என் மகள் அமெரிக்காவில் அயோவா சிட்டியில் எம்.எஸ். படிக்கிறாள். சனிக்கிழமை போன் பண்ணினால், "இன்னைக்கு ஃபுட்பால் மேட்ச்மா, ஊரே கறுப்பும் மஞ்சளுமா இருக்கு, பஸ்கூடச் சுத்திப் போகுது" என்கிறாள். காலேஜ் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஊரே இப்படிக் கூடுமா? அவளைப் போக விடலாமா?
– வாசகி, கோபிசெட்டிப்பாளையம்

பயப்படாதீங்க அம்மிணி. பாரியூர் அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) அன்னைக்கு கோபி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அயோவா சிட்டியின் மக்கள்தொகை சுமார் 75,000. அங்கே இருக்கிற கின்னிக் மைதானத்தில் 69,000 பேருக்கு மேல் உட்காரலாம். பஸ் சுற்றிப் போகாமல் என்ன செய்யும்?

அவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூர்மையான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 புள்ளி. 1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதைத்தான் முதல் ஆட்டம் என்கிறார்கள். ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. சம்பள ஆட்டக்காரர்களின் அணிகளெல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. அயோவா மாநிலத்தில் இன்றைக்கும் என்.எஃப்.எல். (சம்பள ஆட்டக்காரர்களின் தேசிய லீக்) அணி கிடையாது. அதனால் அந்த மக்களுக்குப் பல்கலைக்கழக அணிதான் சொந்த அணி. மைதானத்தின் பெயரே ஒரு மாணவனின் பெயர்தான். நைல் கின்னிக் 1939-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். 1943-ல் கடற்படை விமானப் பயிற்சியில் இறந்துபோனார்.

உங்கள் மகள் ஒரு ஆட்டமாவது கட்டாயம் பார்க்கட்டும் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அந்த மைதானத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. 12-வது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆட்டம் தெரியும். முதல் கால்பகுதி முடிந்ததும் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் அந்தக் கட்டிடத்தின் பக்கம் திரும்பிக் கையசைப்பார்கள். எதிரணிப் பிள்ளைகளும் நடுவர்களும்கூட அசைப்பார்கள். மேலே ஜன்னலில் நிற்கிற குழந்தைகள் பதிலுக்கு அசைக்கும். 2017-ல் ரசிகர் ஒருவர் சொன்ன யோசனை இது. வீடியோவில் முதல்முறை பார்த்தபோது அழுதுவிட்டேன். முப்பது வருஷம் விசில் ஊதியவள் நான். மைதானத்துக்கு வெளியே படுத்திருக்கிற பிள்ளையையும் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லையே.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் காரின் பின்கதவைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். குடியும் உண்டு, மறைக்க மாட்டேன். 21 வயதுக்குக் கீழ் அங்கே சட்டப்படி குடிக்கக் கூடாது. தெரிந்த தோழிகளோடு போய் அவர்களோடே திரும்பச் சொல்லுங்கள். நவம்பர் ஆட்டமென்றால் குளிர் எலும்பில் இறங்கும், உள்ளே இரண்டு சட்டையாவது வேண்டும். வீட்டுச் சாமான் வாங்குவதை வெள்ளிக்கிழமையே முடித்துவிடட்டும். உள்ளூரில் வருஷத்துக்கு ஆறேழு சனிக்கிழமைதான் இந்தக் கூட்டம்.

கேள்வி: அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் தருகிறார்களாமே?
– வாசகர், திருப்பூர்

சிலருக்கு உண்மைதான். ரொம்ப காலம் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு என்று உதவித்தொகை மட்டும்தான் கொடுத்தார்கள். ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் விதி மாறியது. 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷத்தில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. முழங்கால் உடைவது அந்தப் பிள்ளைக்குத்தானே? டிக்கெட் காசில் அவனுக்கும் பங்கு வரட்டும், நல்லதுதான்.

கேள்வி: நான் கல்லூரி கால்பந்து அணியின் கோல்கீப்பர். சொந்த மைதானத்தில் செமி ஃபைனல் ஆடினோம். பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். எண்ணினேன் மேடம்.
– மாணவர், பெருந்துறை

எண்ணினேன் என்று எழுதியிருக்கிறாயே கண்ணு, அது மனதைப் பிசைகிறது. ஆனால் உன் வகுப்புப் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதே. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பாதிப் பேர் காலேஜ் பஸ்ஸில் வருகிறவர்கள். மேட்சை நாலரைக்கு வைப்போம், பஸ் நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அந்தியூருக்கும் காங்கயத்துக்கும் எப்படிப் போவார்கள்?

இதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் கல்லூரி முதல்வரிடம் கெஞ்சி, முக்கியமான ஆட்டங்களை மட்டும் மத்தியானம் 2 மணிக்கு மாற்றினேன். வாசலுக்கு எதிரே இருந்த பேக்கரி அண்ணாவிடம் ஒரு கரும்பலகை கொடுத்து, "இன்னைக்கு நம்ம பிள்ளைங்க மேட்ச்" என்று எழுதிவைக்கச் சொன்னேன். யாரோடு, எத்தனை மணிக்கு, போன ஆட்டத்தில் யார் கோல் போட்டது, எல்லாம் அதில் இருக்கும். டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட வந்தவர்கள் படித்தார்கள். முதலில் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு மெஸ் அக்கா, சமையல் முடித்த கையோடு ஈரப் புடவைத் தலைப்போடு வந்து நின்றார். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் 2–0 என்று தோற்றார்கள். "அந்தச் சின்னப்புள்ள ஓடுனா பாருங்க, அவளுக்கு நாளைக்கு ரெண்டு முட்டை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சின்னப்புள்ள வருஷம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

உன் பி.டி. சாரிடம் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசு. கரும்பலகைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நாளைக்கே வைக்கலாம்.

கேள்வி: கோவையில் நீங்கள் பார்த்த மறக்க முடியாத ஆட்டம்?
– வாசகர், பொள்ளாச்சி

2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி கால்பந்து அணி கோவையைத்தான் சொந்த மைதானமாக வைத்திருந்தது. அன்றைக்கு மினர்வா பஞ்சாப்பை ஜெயித்தால் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் கோப்பை. முதலில் நம் சென்னை சிட்டிதான் கோல் வாங்கியது, என் வயிறு கலங்கிவிட்டது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் ஒன்று போட்டார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு. 3–1. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத பாட்டி ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.