வாசகர் கேள்வி – பதில்: சியோல் நடுவே ஓர் ஓடை

கேள்வி: மகன் தென்கொரியாவில் வேலை பார்க்கிறான். ஜூலையில் போகிறோம். சியோலில் மேம்பாலத்தை இடித்துவிட்டு ஓடையை மீட்டிருக்கிறார்களாமே, அதைப் பார்க்க அரை நாள்தான் கிடைக்கும். எனக்கு முழங்கால் வலி வேறு. எங்கே இறங்குவது?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: சொங்கேச்சொன் என்று பெயர். 2005-இல் திறந்த பகுதி 5.8 கி.மீ. முழுக்க நடக்காதீர்கள். மெட்ரோ 5-ஆம் பாதையில் குவாங்ஹ்வாமுன் நிலையத்தில் இறங்கி 5-ஆம் வாசல் வழியாக வாருங்கள். சங்கு மாதிரி சுருண்ட 20 மீட்டர் சிற்பம் நிற்கும். ஓடை தொடங்குவது அங்கேதான். ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் ஓடுவதால் ஏறி இறங்கப் படிகள்தான் அதிகம். நிலையத்திலேயே கழிப்பறை போய்விட்டு, ஒரே தடவை இறங்கி, தண்ணீர் போகும் திசையில் கிழக்கே நடங்கள்.

சற்று தூரத்தில் குவாங்தொங்கியோ என்ற கல்பாலம். 1410-இல் அரசர் தன் சிற்றன்னையின் கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கட்டியது. தலைகீழாக வைத்த சிற்பக் கற்கள் உண்டு. பாலத்தின் மேல் நடந்தால் தெரியாது, அடியில் நின்று பக்கச்சுவரைப் பாருங்கள். அடுத்து, 1795-இல் நடந்த அரச ஊர்வலத்தை ஓடுகளில் தீட்டிய நீளச் சுவர். அதோடு மேலேறி ஜொங்காக் நிலையத்தில் ரயில் பிடிக்கலாம்.

ஜூலை அங்கே மழைக்காலம். பெருமழையில் இரு கரைச் சுவர்களிலும் உள்ள மதகுகள் திறந்து, சாக்கடை கலந்த மழைநீர் ஓடைக்குள் பாயும். நீர்மட்டம் மளமளவென்று ஏறும். பாலத்தடியில் ஒதுங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. தூறல் விழுந்ததுமே படியேறிவிடுங்கள்.

கேள்வி: அதில் குளிக்கலாமா?
– வாசகர், குறுக்குத்துறை

பதில்: கூடாது. காலை நனைத்துக்கொள்ளலாம். எண்ணெய், சீயக்காயை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

கேள்வி: நம் பாளையங்கால்வாயையும் அப்படி ஆக்க முடியாதா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்த ஓடை பெரும்பாலும் மோட்டார் தண்ணீர். ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க ரயில் நிலையங்களின் ஊற்றிலிருந்தும் நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன் விடுகிறார்கள். நமக்கு அந்தச் செலவே இல்லை. தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது. அவர்களிடம் இருப்பது, பெருமழை நாள் தவிர மற்ற நாளில் கழிவுநீரை ஓடைக்குள் விடாமல் இரு கரையிலும் தனியே கொண்டுபோகும் குழாய். அது இல்லாமல் நடைபாதையும் விளக்கும் போட்டால், பிசான நெல் பருவம் முடிந்து கால்வாய்க்குத் தண்ணீரை அடைத்ததும் மிஞ்சுவது சாக்கடையும் அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை)தான். குழாய்க்குப் பிறகுதான் பெஞ்சு.