11 மாத வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன், பத்திரத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த 11 மாதக் கணக்கு. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் அந்த வழி இல்லை. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே சட்டம். இருவரும் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அதற்கும் இடமுண்டு. பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடுவது அதனால்தான் போலும்!

குடிவருபவரைப் பற்றி ஆதார் நகலைவிட பழைய வீட்டுக்காரரிடம் பேசும் ஐந்து நிமிடம் அதிகம் சொல்லும். சாதி, சாப்பாடு விசாரணையெல்லாம் வேண்டாமே. வாடகை ஒழுங்காக வந்ததா, அதைக் கேளுங்கள்.

அப்புறம், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், ஈபி யூனிட்டுக்கு என்ன கணக்கு, இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாவி கொடுக்கும் அன்று மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவையுங்கள்.